பூட்டாமல் விட்ட பதிவு

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஞானரட்ணம் விவசாயச் சங்க அலுவலகத்துக்குள் வந்தபோது கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. பைக்குள் என்னவென்று நுஸ்ஹா கேட்கவில்லை. அவராகவே அவிழ்த்து, விசைப்பலகைக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு மண்கட்டி ஒன்றை எடுத்து வைத்தார். வெடித்துக் காய்ந்த வயல் மண்.

“தங்கச்சி, இது எங்கட கீழ்கண்டத்து மண். எங்கட தண்ணி முறை நடக்கக்குள்ள எடுத்த மண். இப்பிடிக் கிடக்கு, பாருங்க.”

“மேசை ஊத்தையாகுது, ஞானரட்ணம் அண்ணன்.”

“மேசையைத் துடைக்கலாம். வெள்ளிக்கிழமை பகல் வாய்க்கால்ல சொட்டுத் தண்ணியில்ல. அஞ்சு மணிக்குப் பிறகுதான் வந்தது. துருசை எத்தினை மணிக்குப் பூட்டினது எண்டு உங்கட பெட்டிக்குள்ள இருக்கும்தானே. அதை அடிச்சுத் தாங்க, நான் போறன்.”

கல்முனைக்கு மேற்கே ஒரே வாய்க்காலில் பாயும் இரண்டு வயல்வெளிகள் அவை. மேல்கண்டம் பெரும்பாலும் கல்முனைக்குடி, நிந்தவூர் முஸ்லிம்களுடையது. கீழ்கண்டம் சொறிக்கல்முனைத் தமிழர்களுடையது. மழையில்லாத சிறுபோகத்தில் தண்ணீர் மட்டம் இறங்கினால் இரண்டு நாள் அவர்களுக்கு, இரண்டு நாள் இவர்களுக்கு. வாய்க்கால் பிரியும் இடத்தில் கீழ்கண்டத்துக்கான கதவைத்தான் துருசு என்பார்கள். அதைப் பூட்டினால் தண்ணீர் தேங்கி, தானாகவே மேல்கண்டத்துக்கு ஏறும். துருசுக்காரர் பஸால், பூட்டினாலும் திறந்தாலும் அலுவலகத்துத் தொலைபேசிக்கு அழைத்து நேரத்தைச் சொல்ல வேண்டும். நுஸ்ஹா அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். முறை நடக்கும்போது இடையில் பூட்டியது பதிவில் இருந்தால், அத்தனை மணித்தியாலத்தையும் அடுத்த முறையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பதிவில் இல்லாவிட்டால் இல்லை. பதினொரு வருடமாக இரண்டு கண்டத்துக்கும் நடுவில் அந்தப் பதிவுதான் நின்றது.

அவள் பக்கத்தைத் திறந்தாள். புதன் மாலை ஐந்து நாற்பதோடு வரிகள் முடிந்திருந்தன. அடுத்த வரி, வெள்ளி பிற்பகல் இரண்டு ஐம்பத்தைந்து, வேறொரு வாய்க்காலுடையது. நடுவில் வியாழன் முழுவதும் இல்லை. வெள்ளிக் காலையும் இல்லை. மேலே ஏற்றினாள், கீழே இறக்கினாள், மூடித் திறந்தாள். ஞானரட்ணம் அவளுடைய கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

“இல்லையா?”

“கொம்பியூட்டர்ல ஏதோ பழுது. பாக்கணும்.”

“ஓம், பாக்கத்தான் வேணும்,” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. “உங்கட அவர்ட வயலும் மேல்கண்டத்திலதானே, தங்கச்சி? எத்தினை ஏக்கர்?”

“மூண்டு.”

“குடலைப் பருவமா இருக்கும் இப்ப. கதிர் வயித்துக்குள்ள இருக்கக்குள்ள தண்ணியில்லாட்டிப் பதர்தான் மிஞ்சும். எங்கட வேளாண்மையும் அப்பிடித்தான் நிக்குது.”

மண்கட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

பகலுக்கு முன்பே தலைவர் அச்சிமுகம்மது ஹாஜியாரின் காதுக்குக் கதை போய்விட்டது. அவர் வந்து கதிரையில் உட்காரவில்லை. மண்கட்டியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார்.

“மகள், வியாழக்கிழமை கூட்டம். அதுக்குள்ள அந்தப் பதிவு வரணும். வராட்டி நாங்க அழிச்சிட்டோம் எண்டு சொல்லுவாங்க. நாங்க எண்டா ஆரு? கொம்பியூட்டர்ல கை வைக்கிற ஆள் நீங்கதான். என்னால ஒங்கள வெச்சிரிக்க ஏலாமப் போகும்.”

“நான் ஒண்டும் அழிக்கல்ல ஹாஜியார்.”

“நான் நம்புறன். நான் நம்பி என்ன செய்ய?”

அந்த ‘நம்புறன்’ எவ்வளவு பெறும் என்று நுஸ்ஹா கணக்குப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

அவள் அழிக்கவில்லை என்பது மெய். ஆனால் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பிறகு அவள் அந்தக் கதிரையிலேயே இருக்கவில்லை. அது எவருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருவர்: அவள் எழுந்த கதிரையில் உட்கார்ந்திருந்த புருஷன் ஸஹீத்.

நுஸ்ஹா நிந்தவூரில் பிறந்தவள். சுனாமிக்குப் பிறகு வந்த ஏதோவொரு தொண்டு நிறுவனம் பெண்களுக்குக் கணினி படிப்பித்தபோது, இருபத்தைந்து பேர் சேர்ந்து மூன்று பேர் முடித்ததில் ஒருத்தி. ஸஹீத் பன்னிரண்டு வருடம் கட்டாரில் லொறி ஓட்டினார். அந்தப் பன்னிரண்டு வருடமும் வீட்டைப் பார்த்து, மகள் றுக்ஸானாவை வளர்த்து, பிறகு இந்த வேலையையும் பிடித்துக்கொண்டவள் அவள். தனியாக இருந்த பெண்ணுக்கு வரும் பழக்கங்கள் எல்லாம் அவளுக்கும் வந்தன. இரவில் கதவுத் தாழ்ப்பாளை இரண்டுமுறை இழுத்துப் பார்ப்பாள். மீன்காரனின் தராசைத் தன் கையால் ஒருமுறை தூக்கிப் பார்ப்பாள். சிரித்துக்கொண்டு வருகிறவர்களிடம், என்ன காரியமாக வந்தார்கள் என்று மனசுக்குள் கேட்டுவைப்பாள். ஸஹீத் திரும்பி வந்து நாலு வருடமாகியும் அந்தப் பழக்கங்கள் போகவில்லை.

றுக்ஸானாவுக்கு அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வந்து குடியேறப்போகும் வீட்டைப் பார்க்க, அந்த வீட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலில் இருக்கும் நேரம் பெண்களுக்கு வசதி. கலியாணப் பேச்சு முற்றாகும் வரை வெளியில் மூச்சு விடுவதில்லை. விட்டால் யாராவது ஒருத்தி அங்கே போய் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிவைப்பாள். அதனால் லீவு கேட்கவில்லை. கேட்டால் ஹாஜியார் ஏனென்று கேட்பார். ஹாஜியாரின் மனைவி மறுநாளே விசாரிக்க வருவார்.

“ஒரு மணித்தியாலம் இருங்க, போன் வந்தா நேரத்தை அடிங்க, அவ்வளவுதான்,” என்று ஸஹீதைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு, பின்கதவால் ஓட்டோ பிடித்துப் போனாள். வந்த பெண்கள் குளியலறை வரை திறந்து பார்த்தார்கள். வட்டிலப்பத்தை நன்றாகச் சாப்பிட்டார்கள். மனதில் என்ன நினைத்தார்கள் என்று அவளால் பிடிக்க முடியவில்லை.

இரண்டரைக்கு அவள் திரும்பியபோது கணினி நின்றுபோயிருந்தது. மறுபடி போட்டாள். ஆங்கிலத்தில் நாலைந்து வரி எழுதி, ஆமா இல்லையா என்று கேட்டது. களவாகப் போய்விட்டு வந்த பதற்றம். வாசிக்காமலேயே ஆமா என்று அமுக்கினாள்.

எதற்கு ஆமா சொன்னோம் என்பது திங்கட்கிழமைதான் உறைத்தது.

அன்று பின்னேரமே பஸாலுக்கு அழைத்தாள்.

“வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகக்குள்ள துருசைப் பூட்டின தானே?”

மறுபுறத்தில் ஒரு இருமல். “கொம்பியூட்டர்ல என்ன இரிக்கி?”

“கொம்பியூட்டர விடுங்க. நீங்க பூட்டினயா, இல்லையா?”

“அதுல இல்லயெண்டுதானே ஊரெல்லாம் கதைக்கிற. இல்லாட்டி இல்லதானே ராத்தா. நான் பூட்டல்ல.”

எல்லா வெள்ளிக்கிழமையும் அவர் பூட்டுவார். துருசைத் திறந்துபோட்டு விட்டுப் போனால் யாராவது வந்து கை வைப்பார்கள் என்று பயம். பூட்டிவிட்டு, அழைத்துச் சொல்லிவிட்டு, தொழுதுவிட்டு வந்து ஒன்றரைக்குத் திறப்பார். இந்தமுறை மட்டும் திறந்ததாக அழைப்பும் வரவில்லை, அவருக்கு ஞாபகமும் கெட்டுவிட்டது.

ஸஹீத் வேறு மாதிரி நடந்துகொண்டார். அவள் எதுவும் கேட்கும் முன்பே, “ஒரு போனும் வரல்ல, சும்மாதான் இருந்த. பன்னிரண்டுக்கு எழும்பிப் பள்ளிக்குப் போன,” என்றார். கேட்காத கேள்விக்கு வந்த பதில். பிறகு சந்தைக்குப் போய் பாரைமீன் வாங்கி வந்தார். அதைத் தானே செதில் எடுத்து, துண்டு போட்டு, கழுவியும் வைத்தார். கலியாணம் முடித்து இருபத்துமூன்று வருடத்தில் அவர் மீன் கழுவியது அவளுக்கு நினைவில்லை.

“வாப்பாக்கு என்ன நடந்த?” என்று றுக்ஸானா கேட்டாள்.

“பசிக்குதாக்கும்,” என்றாள் நுஸ்ஹா. சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக் கணினியைக் கழற்றி, படுக்கைவிரிப்பில் சுற்றி, ஓட்டோவில் ஏற்றினாள். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் பவிதரனின் கடை. பாண்டிருப்பு இளந்தாரி, வெங்காயக் கடைக்காரரின் அழிந்துபோன படங்களை எல்லாம் எடுத்துக் கொடுத்தவன் என்று பெயர். ஓட்டோ புறப்படும்போது ஞானரட்ணம் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

“நானும் வாறன். அங்க என்ன நடக்குதெண்டு பாக்கத்தானே வேணும்.”

அவர் வருவதைக் கேள்விப்பட்டு ஹாஜியார் தன் மருமகன் அர்ஷாதை அனுப்பினார். மேல்கண்டத்தில் ஐந்து ஏக்கர் செய்கிறவன். “கடைக்காரன் தமிழன், வந்திருக்கிறவரும் தமிழர். நம்மடாக்கள் ஒருத்தர் இருக்க வேணாமா?” என்று அவன் நுஸ்ஹாவின் காதில் சொன்னான். அவன் யாரைக் காவல் பார்க்க வந்தான் என்று அவள் யோசித்தாள். அவர்களையா, தன்னையா?

பவிதரன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த நினைவகத் தட்டைக் கழற்றித் தன் இயந்திரத்தில் பூட்டினான். மூவரும் சுவரோரம் ஒரே வாங்கில் வரிசையாக உட்கார்ந்தார்கள், பல்லுப் பிடுங்கக் காத்திருப்பவர்களைப் போல.

“முதல்ல முழுசாக் கொப்பி எடுக்கணும். மூலத்தில கை வைக்கிறல்ல. ரெண்டு மணித்தியாலம் போகும். நீங்க போயிட்டுப் பகலைக்கு வாங்க.”

ஒருவரும் எழும்பவில்லை.

திரையில் பச்சைக் கோடு எறும்பு ஊர்வதுபோல நகர்ந்தது. பதினொரு மணிக்கு ஞானரட்ணம், “தேத்தண்ணி குடிப்பமா?” என்றார். “நீங்க குடிச்சிட்டு வாங்க அண்ணன்,” என்றான் அர்ஷாத். “நீங்க வரல்லயா?” “எனக்கு வேணாம்.” “அப்ப எனக்கும் வேணாம்.” கடைசியில் பவிதரன் கீழே குரல் கொடுத்து நாலு பிளேன் டீ மேலே எடுப்பித்தான். சிறுநீர் கழிக்கப் போன ஞானரட்ணம் திரும்பி வந்ததும் கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கொப்பி எடுத்து முடிந்ததும் பவிதரன் உள்ளே தேடினான். கொஞ்ச நேரத்தில் விசிலடித்தான்.

“அக்கா, வெள்ளிக்கிழமை திருப்பிப் போடக்குள்ள ஏதாச்சும் கேட்டதா?”

“ஏதோ கேட்ட.”

“ஆமா எண்டு சொல்லிட்டீங்களாக்கும்.” அவன் சிரித்தான். “நீங்க அடிக்கிறது நேரே பெரிய புத்தகத்தில ஏறாது அக்கா. முதல்ல ஒரு றஃப் கொப்பியில வரி வரியா எழுதும். பிறகு புறோகிராமை ஒழுங்காப் பூட்டக்குள்ளதான் அதைப் பெரிய புத்தகத்தில ஏத்திப்போட்டு, கொப்பியிலயும் ‘பூட்டியாச்சு’ எண்டு எழுதும். புதன்கிழமை பூட்டின. வியாழன், வெள்ளி பூட்டயே இல்ல.”

“தண்ணி முறை நடக்கக்குள்ள ராவும் பகலும் போட்டபடிதான் கிடக்கும்,” என்றாள்.

“அதுதான். வெள்ளி பன்னிரண்டு ஆறுக்கு ஓடிக்கொண்டிருக்கக்குள்ளயே கரண்ட் போயிருக்கு. கொப்பி திறந்தபடி, கடைசி வரி பாதியில. திருப்பிப் போடக்குள்ள அது ‘இந்தக் கொப்பி பழுது, ஒதுக்கவா?’ எண்டு கேட்டிருக்கு. நீங்க ஒதுக்கச் சொல்லிட்டீங்க. நல்ல காலம், எறியல்ல. ஒரு மூலையில போட்டு வெச்சிருக்கு.”

“வெள்ளிக்கிழமை கரண்ட் போகல்லயே,” என்றார் ஞானரட்ணம். “நான் வீட்டில ஃபேனுக்குக் கீழதான் இருந்தனான்.”

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். அர்ஷாத் தொண்டையைச் செருமினான்.

“மாமா ஜும்ஆவுக்குப் போற வழியில ஒப்பீசைப் பூட்டக்குள்ள மெயின் சுவிச்சை அடிச்சிட்டுத்தான் போவாரு. பஸாருல ஒரு கடை எரிஞ்சதில இருந்து அந்தப் பழக்கம்.”

“ஒவ்வொரு வெள்ளிக்கிழமையுமா?”

“ஓம்.”

“இந்த வெள்ளி மட்டும் வசதியா அமைஞ்சிட்டாக்கும்,” என்றார் ஞானரட்ணம்.

“என்ன கதை கதைக்கிறீங்க? மாமா கூட்டுச் சேந்தவரு எண்டா சொல்றீங்க?”

“நான் ஒண்டும் சொல்லல்ல. நீங்கதான் சொல்றீங்க.”

நுஸ்ஹாவுக்குத் தெரியும். மற்ற வெள்ளிக்கிழமைகளில் ஹாஜியார் வருவதற்கு முன்பு அவள்தான் ஒழுங்காகப் பூட்டி வைப்பாள். ஸஹீதிடம் அதைச் சொல்ல மறந்திருந்தாள். அதை இப்போது சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். வாயை மூடிக்கொண்டாள்.

“அந்தக் கொப்பியில அடிச்சது எல்லாம் இருக்குமா?” என்று கேட்டாள்.

“அடிச்சதும் இருக்கும், அழிச்சதும் இருக்கும். அதில றப்பர் பாவிக்க ஏலாது அக்கா. ஒரு வரியை அழிச்சா, ‘இன்ன நேரம் இன்ன ஆள் இதை அழிச்சார்’ எண்டு இன்னொரு வரி எழுதும்.”

அவளுடைய பிளேன் டீ ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்து முடித்தாள்.

ஒரு மணிக்குப் பவிதரன் அவளைத் தனியாகத் திரைக்குப் பக்கத்தில் அழைத்தான். “பேருகள் சரியா எண்டு பாக்கணும், அக்கா வாங்க.” மற்ற இருவரும் வாங்கில் இருந்தபடி கழுத்தை நீட்டினார்கள். அவனுடைய அகன்ற முதுகு அவர்களுக்கு மறைத்தது.

திரையில் வரிகள் வரிசையாக நின்றன. வியாழன் முழுவதும் வந்துவிட்டது. வெள்ளிக் காலை வந்துவிட்டது. அடியில் மூன்று வரி. பதினொன்று ஐம்பத்திரண்டு: கீழ்கண்டத் துருசு பூட்டியது, நேரம் பதினொன்று ஐம்பது. பதினொன்று ஐம்பத்தெட்டு: மேலுள்ள வரி அழிக்கப்பட்டது. இரண்டுக்கும் எதிரே ‘நுஸ்ஹா’ என்ற பெயர். மூன்றாவது வரி பாதியில் முறிந்து, அர்த்தமில்லாத எழுத்துகளாகச் சிதறிக்கிடந்தது.

அவள் திறந்துவிட்டு வந்த பெயரிலேயே அவர் உட்கார்ந்திருக்கிறார். அவள் பெயரிலேயே அடித்திருக்கிறார். ஆறு நிமிடம் யோசித்திருக்கிறார். பிறகு அவள் பெயரிலேயே அழித்திருக்கிறார்.

“பழுதான வாலை வெட்டிப்போட்டுத்தான் மிச்சத்தைப் பெரிய புத்தகத்தில ஏத்தலாம்,” என்றான் பவிதரன். பிறகு குரலைத் தணித்தான். “ஒழுங்கின்படி மூண்டாவது வரிக்கு மேல வெட்டணும். ரெண்டாவதுக்கு மேல வெட்டினாலும் வேலை செய்யும். வால் பழுதெண்டு எல்லாரும் கேட்டாச்சு. எதில வெட்டுறதெண்டு நீங்க சொல்லுங்க.”

இரண்டாவது வரிக்கு மேல் வெட்டினால் என்ன மிஞ்சும் என்று அவளுக்கு உடனே விளங்கியது. துருசு பூட்டப்பட்டது, அது பதியப்பட்டது, கரண்ட் போனதால் மறைந்தது, இப்போது கிடைத்துவிட்டது. கீழ்கண்டத்துக்குத் தண்ணீர் திரும்பும். அவளுடைய வேலை நிற்கும். ஸஹீதை யாரும் தேடமாட்டார்கள். அட்டாளைச்சேனைப் பெண்களுக்கு ஒன்றும் எட்டாது.

அவள் பவிதரனின் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம்தான். அந்த நல்ல முகம்தான் அவளைக் குழப்பியது. இவனுக்கு என்ன வந்தது? நான் இவனுக்கு யார்? இன்றைக்கு இவன் தருகிற தயவு நாளைக்கு யாருடைய வாயில் போய் நிற்கும்? ஞானரட்ணம்தான் இவனை இப்படிக் கேட்டுப் பார்க்கச் சொன்னாரோ? சொல்லாவிட்டாலும், ஒருநாள் கள்ளுத் தவறணையில் வாய் தவறினால்? இந்தக் கடைப் பக்கமாக வரும்போதெல்லாம் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போக வேண்டிவரும், சாகும் வரைக்கும்.

மீன் கழுவிய கை ஞாபகத்துக்கு வந்தது. கூடவே ஒரு கோபம் வந்தது. வீட்டிலும் கடையிலும் எல்லோரும் அவளுக்கு நல்லது செய்கிறார்கள்; அவள் பெயரை வைத்துச் செய்கிறார்கள்.

“மேல வெட்ட வேணாம் தம்பி. முறிஞ்சதை மட்டும் வெட்டுங்க. ரெண்டு வரியையும் விடுங்க.”

“அக்கா, ஒங்கட பேரு கிடக்கு.”

“நான் வாசிக்கத் தெரிஞ்சவள்.”

அவன் தோளைக் குலுக்கிவிட்டு விசையைத் தட்டினான். மூன்று தாள் அச்சானது. ஞானரட்ணம் கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து வாசித்தார். விரல் அடியில் வந்து நின்றது.

“பூட்டினது மெய். அடிச்சதும் மெய்.” விரல் இன்னும் கொஞ்சம் இறங்கியது. “ஆறு நிமிசத்தில அழிச்சிருக்கீங்க, தங்கச்சி.”

“என்ன ராத்தா இது?” அர்ஷாத் எழும்பிவிட்டான். “எங்களுக்காகச் செஞ்ச மாதிரியே சனம் கதைக்குமே! நாங்க கேட்டமா?”

“அந்த நேரம் நான் ஒப்பீசில இல்ல,” என்றாள் நுஸ்ஹா. “பதினொரு மணிக்கே போயிட்டன். ஹாஜியாருக்கும் தெரியா. என்ட கதிரையில எங்கட அவரைத்தான் இருக்கச் சொன்ன.”

அர்ஷாத் மறுபடி வாங்கில் உட்கார்ந்தான்.

“எங்க போனீங்க?” என்று ஞானரட்ணம் கேட்டார்.

“வீட்டு அலுவல்.”

“என்ன அலுவல்?”

“அதை நான் சொல்லத் தேவையில்ல. இல்லாத நேரத்தைச் சொல்லிட்டன். அது காணும்.”

ஞானரட்ணம் கண்ணாடியைக் கழற்றி, தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. “புருஷன்ட தலையில போட்டுட்டுத் தப்புற பொம்பிளையளையும் கண்டிருக்கன்,” என்றார். “வியாழக்கிழமை அவரும் வரட்டும். பாப்பம்.”

அன்று பின்னேரம் அவள் ஸஹீதிடம் நின்றபடியே சொன்னாள். அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ட பேரைச் சொல்லிட்டயா?”

“ஓம்.”

“அவங்களுக்கு முன்னாலயா?”

“அவங்களுக்கு முன்னாலதான். என்ட பேரை நீங்க கேட்டா எடுத்த?”

அவர் எழுந்து வெளியே போனார். இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். புதன்கிழமை முழுக்க இருவரும் மகள் வழியாகத்தான் கதைத்தார்கள். “உம்மாட்டச் சொல்லு, சேட்டை அயன் பண்ணச் சொல்லி.” “வாப்பாட்டச் சொல்லு, அயன் பண்ணித்தான் தொங்குதெண்டு.”

கூட்டத்தில் அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியாது. இல்லையென்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் பொய்க்காரியாகிவிடுவாள். எண்பது பேர் இருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் அவளும் வயல் செய்யும் மூன்று கமக்காரிகளும். ஸஹீத் எழும்பி, அயன் பண்ணிய சட்டையின் கைமடிப்பை ஒருமுறை இழுத்துவிட்டார்.

“அடிச்சதும் நான்தான், அழிச்சதும் நான்தான். பஸால் போன் பண்ணிப் பூட்டினதாச் சொன்னாரு, அடிச்சன். மறுகா மனசு கேக்கல்ல. வேளாண்மை காஞ்சு போய் நிக்கிது. பதிவு இல்லாட்டி அந்த நேரத்தைத் திருப்பிக் குடுக்கத் தேவையில்லதானே எண்டு அழிச்சன். அவக்கு ஒண்டும் தெரியா.”

அதன்பிறகு பஸாலுக்கும் ஞாபகம் திரும்பியது. பூட்டியதை ஒத்துக்கொண்டார். ஒன்றரைக்கே திறக்க வேண்டியவர், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்து ஐந்து மணிக்குத்தான் திறந்ததாகச் சொன்னார். கீழ்கண்டத்தார் கத்தினார்கள், மேல்கண்டத்தார் அதைவிடக் கத்தினார்கள். முடிவில், கண்ணயர்ந்தது பஸாலின் பிழை, அதற்கு மேல்கண்டம் பொறுப்பல்ல என்று தீர்த்து, பதிவின்படி ஜும்ஆ நேரத்தை மட்டும், ஒரு மணி நாற்பது நிமிடத்தை, அடுத்த முறையில் திருப்பிக் கொடுப்பதென்று எழுதினார்கள். சொல்லாமல் கதிரையை விட்டுப் போனதற்காக நுஸ்ஹாவைப் போகம் முடியும் வரை நிறுத்திவைத்தார்கள். மேல்கண்டத்து ஆண்கள் ஸஹீதோடு கதையை நிறுத்திக்கொண்டார்கள். தண்ணீரை எடுத்ததற்காக அல்ல, ஒத்துக்கொண்டதற்காக.

கலியாணம் பேசிய றபீக்கா வெள்ளிக்கிழமை வந்தாள். அட்டாளைச்சேனையில் கேள்விப்பட்டுவிட்டார்களாம். “வேண்டாமெண்டு சொல்லல்ல. வேளாண்மை வெட்டு முடியட்டும், பாப்பம் எண்டு சொல்றாங்க.” அதன் அர்த்தம் நுஸ்ஹாவுக்கு விளங்கியது: பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை, அலுவலகத் திறப்புக் கொத்தை ஹாஜியாரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் பஸாலைக் கண்டாள். சைக்கிளில் புல்லுக்கட்டோடு வந்தவர் அவளைக் கண்டு மறுபக்கம் திரும்பப் பார்த்தார்.

“நில்லுங்க. நீங்க கொம்பியூட்டர்ல இல்லாட்டி இல்லயெண்டு சொன்ன ஆள். கூட்டத்தில சொன்னது முழுசும் மெய்யா?”

“மெய்தான் ராத்தா.”

“நித்திரையா போன, அஞ்சு மணி வரைக்கும்?”

பஸால் புல்லுக்கட்டின் கயிற்றை இறுக்கினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. “எனக்கேன் வம்பு? ஸஹீத் மச்சான்ட்டக் கேளுங்க,” என்றுவிட்டு மிதித்தார்.

பகல் ஸஹீத் வயலிலிருந்து வந்து கை கழுவி உட்கார்ந்தார். பருப்பும் சுண்டங்காயும் பொரித்த நெத்தலியும். அவள் சோற்றை வைத்தாள். அவர் இரண்டு பிடி சாப்பிடும் வரை பொறுத்தாள்.

“பஸால் போன் பண்ணக்குள்ள நீங்க என்ன சொன்ன?”

“சரியெண்டு சொன்ன.”

“வேற?”

“வேற என்ன?” கை பிசைந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. “எப்ப தொறக்கிறெண்டு கேட்டாரு.”

“அவரு ஒருநாளும் கேக்கமாட்டாரே. ஒன்றரைக்குத் தொறக்கிறது அவருக்குத் தெரியும்.”

ஸஹீத் நெத்தலியொன்றை எடுத்துத் தலையைக் கிள்ளிச் சோற்றுக் கோப்பை ஓரத்தில் வைத்தார். அவளைப் பார்க்கவில்லை.

“அஞ்சு மணிக்குத் தொறந்தாக் காணும் எண்டு சொன்னன். கூட்டத்தில பாதியாச்சும் சொன்னேனே. மீதியையும் சொன்னா பஸாலுட வேலையும் போயிருக்கும்.”

ஒன்றரையிலிருந்து ஐந்து வரை. மூன்றரை மணித்தியாலத் தண்ணீர் இன்னும் சொறிக்கல்முனைக்குப் போய்ச் சேரவில்லை. அது பஸாலின் நித்திரையாலும் போகவில்லை. அவள் எழும்பி, அலுமாரிக்கு மேலிருந்த கைபேசியை எடுத்தாள்.

“ஆருக்கு?”

“ஞானரட்ணம் அண்ணனுக்கு.”

“அது எங்கும் பதிஞ்சில்ல, நுஸ்ஹா. ஒருத்தருக்கும் தெரியா.”

“எனக்குத் தெரிஞ்சிட்டே.”

அவர் தன் முன்னாலிருந்த கோப்பையைப் பார்த்தார். கோப்பையில் இன்னும் பாதிச் சோறு கிடந்தது.

“சாப்பிட்டு முடிக்கட்டுமா?” என்றார்.

“முடிங்க.”

அவள் அவருக்கு முன்னால் உட்கார்ந்து, இன்னும் ஒரு கரண்டி பருப்பை ஊற்றினாள். அவர் முழுவதையும் சாப்பிட்டு, எழும்பிப் போய்க் கை கழுவி, வாய் கொப்பளித்து, துவாயில் துடைத்துக்கொண்டு வந்து உட்காரும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இலக்கத்தை அமுக்கினாள்.